விருந்தாளிகள் தின்ற செல்

ஈப்போவில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் சேர்ந்து, நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்த அன்றே எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை, கோடிக்கணக்கான அறைகளாகத் தெரிந்தார். ஒவ்வொரு அறையிலும் உத்தரவு போட ஓர் உட்கரு, அடுப்பெரிக்க மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்ய ரைபோசோம். உள்ளே இத்தனை பேர் வேர்க்க விறுவிறுக்க உழைக்கிறார்கள், மனிதர் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார்! எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியில் நிலைத்தவன் நான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. "அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயி என்னதான்டா படிக்கிறே?" என்று அடிக்கடி கேட்பார்.

"நீ சாப்புடுற சோத்த எரிக்கிற அடுப்பு ஒனக்குள்ளயே இருக்கும்மா."

"எனக்குள்ள அடுப்பு இருந்தா நா ஏன்டா இங்க வெறகு ஊதிக்கிட்டு கெடக்கேன்?"

அந்த ஆண்டு பள்ளியில் கண்காட்சி வந்தது. எல்லாரும் ஒரு செல்லின் மாதிரி செய்துவர வேண்டும் என்றார் எங்கள் உயிரியல் ஆசிரியை, ஒரு சீனப் பெண்மணி. எது நன்றாக இருக்கிறதோ அதைச் செய்தவன் கண்காட்சி மேசையில் நின்று விளக்கலாம், வீட்டாரையும் அழைத்து வரலாம். அம்மா அந்தப் பள்ளியின் வாசலை மிதித்ததே இல்லை. அந்த மேசை எனக்கு வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு அங்கே நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

மாதிரியை ஒப்படைக்க வேண்டியது தீபாவளிக்கு மறுநாள். மற்றவர்கள் களிமண்ணிலும் அட்டையிலும் செய்தார்கள். எனக்கோ செல் என்றால் தளதளவென்று ஆட வேண்டும். அதனால் தீபாவளிக்கு முந்தின நாள் கடற்பாசியில் செய்யும் அகர்-அகர் காய்ச்சினேன். தகரத் தட்டுதான் செல் சுவர். உள்ளே விரித்த வாழையிலை செல் சவ்வு. பாண்டான் இலையின் பச்சையும் வாசமுமாக ஊற்றிய அகர்-அகர் சைட்டோபிளாசம். ஜவ்வரிசி ரைபோசோம், அடுக்கடுக்கான குவே லாப்பிஸ் பலகாரம் கோல்கை. மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புளியங்கொட்டை. நடுவில் உட்கருவாகப் பளபளவென்று ஒரு ரப்பர் கொட்டை. உறைந்ததும் தட்டை ஆட்டிப் பார்த்தேன். உயிரோடு இருப்பதுபோல் குலுங்கியது. அதற்கு 'குட் நைட்' சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு வேன். கமுந்திங் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்காவின் தோழிகள் வண்டி நிறைய வந்திறங்கியிருந்தார்கள். அம்மா செய்த பலகாரங்கள் தீர்ந்துபோயிருந்தன. எல்லார் கையிலும் தட்டு, எல்லார் தட்டிலும் பச்சையாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா! அது என் பாடம்!"

"தீபாவளியன்னைக்கு தட்டுல அகர்-அகர் இருந்தா, வந்தவங்களுக்குத்தான்லா! பாடத்த யாருடா பாண்டான் எல போட்டு காய்ச்சுவா?"

"அலாமாக்! நா பாடத்தையா தின்னேன்?" என்று தோழிகளில் ஒருவர் வாயைப் பொத்தினார். "அதான் பல்லுல ஏதோ கட்டையா மாட்டுச்சு! நல்ல வேள, துப்பிட்டேன்."

அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆர்வம். "நீங்க எதக்கா தின்னீங்க?"

"அந்த அடுக்கு குவே, தம்பி."

"அது கோல்கை. செஞ்ச புரதத்த பொட்டலம் கட்டி அனுப்புற எடம்."

"ஏய், நா பேக்கிங் செக்ஷன்தான்டா!" என்று அவர் கத்தினார். வீடே அதிர்ந்தது. அப்புறம் ஆளாளுக்கு, "நா எதத் தின்னேன், நா எதத் தின்னேன்?" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜவ்வரிசி தின்றவருக்கு ரைபோசோம் என்றேன். வெறும் அகர்-அகர் மட்டும் கிடைத்தவர், "எனக்கு வேலையே இல்லாத பகுதியா குடுத்துட்டீங்களே!" என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றார்.

சிரித்து ஓய்ந்து என் தகரத் தட்டை எடுத்துப் பார்த்தேன். சாப்பிட முடியாததையெல்லாம் மரியாதையாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். புளியங்கொட்டைகளும் அந்த ரப்பர் கொட்டையும் கொஞ்சம் அகர்-அகரோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்குச் சுரீரென்றது. பள்ளி நூலகத்தில் படித்திருந்தேன்: ரப்பர் பால் என்பதே பால்குழாய்ச் செல்களுக்குள் இருக்கும் திரவந்தான். வெட்டினால் அது வழிந்துவிடும், ஆனால் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் ஓரத்தில் ஒட்டி உள்ளேயே தங்கிவிடும். அவை இருப்பதால்தான் செல் மறுபடியும் பாலை உண்டாக்கிக்கொள்கிறது.

"அம்மா, இது வெட்டுன மரம்மா! நீ தெனம் வாளியில புடிக்கிறது செல்லோட உள்ளுக்குள்ள இருக்கிறத!"

அம்மா தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா நானும் ஒன் பாடத்தத்தான் வெட்டிக்கிட்டு இருந்தேனா?"

மறுநாள் கொட்டைகள் மட்டும் மிஞ்சிய அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். வண்ண வண்ணக் களிமண் செல்களுக்கு நடுவில் அது கல்யாண வீட்டு எச்சில் தட்டுபோல் இருந்தது. மீதி எங்கே என்று ஆசிரியை கேட்டார். வந்தவர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தொடங்கி, மூச்சு விடாமல் பால்குழாய் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேசை எனக்குத்தான், ஆனால் கண்காட்சியன்று தட்டு நிறைந்து வர வேண்டும், வந்தவர்கள் கண் முன்னாலேயே காலியாக வேண்டும் என்றார்.

கண்காட்சியன்று அம்மா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றார். நான் ஒவ்வொரு பகுதியையும் விளக்க விளக்க, அவர் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் சைட்டோபிளாசத்தை வெட்டி வெட்டி நீட்டினார். "மக்கான், மக்கான்! சாப்புடுங்க! கொட்டைய மட்டும் ஓரமா வச்சிருங்க. நாளைக்கும் பால் வரணும்லா!"