அளவு எழுதிய கடிதம்

சாய்ந்தமருதில் மரக்காலை, அதாவது மரம் அறுத்துப் பலகை விற்கும் கடை, வைத்திருக்கிறேன். மாலைதீவுக்கு அனுப்பிய என் தேக்குப் பலகைகளைக் கொழும்புத் துறைமுகத்தில் மறித்துவிட்டார்கள். சுங்கத்தில் வகையை மாற்றிவிட்டார்களாம். இழைத்த பலகையும் இனி வெறும் மரம்தானாம், தனி அனுமதி வேண்டுமாம்.

எனக்குக் கொதித்தது. சுங்க வேலை பார்க்கும் ஏஜென்டைப் போனில் பிடித்து, வேலையாட்கள் முன்னாலேயே கத்தினேன்.

"கள்ளன்! ஏன்டா எனக்குச் சொல்லல்ல?"

"காக்கா, மாறின உடனேயே கடிதம் அனுப்பினனே," என்றான், அண்ணனிடம் பேசும் மரியாதையோடு.

"பொய் கதைக்காத!"

மரக்காலையில் நாங்கள் எந்தத் தாளையும் வீசமாட்டோம், பின்பக்கத்தில் பலகை அளவு எழுதுவோம். பலகை இழைக்கும் தச்சரான ஓடாவி அளவுத் தாள் ஒன்றை எடுத்து, திருப்பி என் முன்னால் வைத்தார். அந்தக் கடிதம்தான். மறிபட்ட பலகைகளின் அளவையே, கடிதத்தைப் படிக்காமல், அதன் முதுகில் எழுதியிருந்தேன்.

ஊர் கேட்கக் கத்தியவன், ஏஜென்டிடம் போனில் மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டேன். சுங்கத்தின் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. அந்தக் கதவை நினைத்தால்தான் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.