தாளிக்காத குழம்பு

கீழ்வீட்டு நோன்புக் கஞ்சியின் வாசம் ஜன்னலில் ஏறிவந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

முடிச்சூரில் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில், எங்கள் வீட்டுக்கும் நூர்ஜகான் அக்கா வீட்டுக்கும் நடுவே அன்று கூரையைத் தொடாத ஒற்றைச் சுவர்தான் இருந்தது. நோன்பு மாதத்தில் மாலை பாங்கு கேட்கும்வரை அம்மா குழம்பைத் தாளிக்காமல், கடுகை உள்ளங்கையில் உருட்டியபடி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். கந்தசஷ்டிக்கு அம்மா விரதமிருந்தால் ஆறு நாளும் அக்கா வீட்டில் கறி வேகாது.

"நோன்பு எனக்குத்தான்டி, நீ தாளிச்சுக்கோ!" என்று சுவருக்கு அப்பாலிருந்து அக்கா கத்துவார்.

"வாசம் உன்னைப் படுத்தும்க்கா, பாங்கு சொல்லட்டும்!" என்பாள் அம்மா.

"பசிக்குதும்மா," என்கிறாள் இப்போது என் மகள். "கீழ்வீட்ல யாருன்னே உனக்குத் தெரியாதே!"

தெரியாதுதான். பேருந்து இரைச்சலில் பாங்கும் கேட்காது. ஆனாலும் கடுகு என் உள்ளங்கையில் உருண்டுகொண்டே இருக்கிறது.