வாரத்துக்கு ஒரு மாத்திரை

ஞானபூரணத்தின் கையெழுத்து தெரியாத வீடு சங்கரன்கோவிலில் குறைவு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுந்தரராஜ் அண்ணாச்சியின் மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். மாத்திரையை வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே நீலப் பேனாவால் எண்களை எழுதுவாள். 1-0-1 என்றால் காலையில் ஒன்று, மத்தியானம் கிடையாது, ராத்திரி ஒன்று. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். டாக்டர் சொன்னது புரியாமல் பஸ் ஏற வருகிறவர்கள் இவளிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டவள். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் ஜெயசிங்குக்கு ராஜபாளையம் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை. ஒரே மகள் ஏஞ்சல். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்தான் பூரணம் மருந்துக் கடைக்கு வந்தாள். நர்ஸ் ஆகவில்லையே என்ற குறை அந்தக் கடையில்தான் தீர்ந்தது.

ஏஞ்சலுக்குப் பதினேழு வயதில் மாதவிடாய் தப்ப ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். உடம்பு போட்டது. தாடையில் ரோமம் முளைத்தது. தலைமுடி சீப்போடு வந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை அவளாகவே நிறுத்திக்கொண்டாள். படிப்பில் மட்டும் குறைவைக்கவில்லை. கணக்கு படித்து, பி.எட். முடித்து, இருபத்துமூன்று வயதில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினாள்.

மறுவருஷம் மே மாத லீவில் மகளைத் திருநெல்வேலியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள் பூரணம். ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. டாக்டரம்மா நடக்கச் சொன்னார், சாப்பாட்டைச் சொன்னார், ஆறு மருந்து எழுதினார். இனாசிட்டால், போலிக் ஆசிட், ஜிங்க், மெக்னீசியம், பி12. இவை ஐந்தும் தினமும். ஆறாவது வைட்டமின் டி, அறுபதாயிரம் யூனிட். அதை வாரத்துக்கு ஒன்று வீதம் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து காட்டச் சொன்னார். பூரணத்துக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டரம்மா சொல்லி முடிக்கும் முன்பே தலையை ஆட்டினாள். மருந்து விஷயம் அம்மா பாடு என்று ஏஞ்சல் அதைக் காதில் வாங்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. பருப்புப் பொடி, முறுக்கு டப்பா, துவைத்த துணி என்று கட்டிக்கொண்டிருந்த அவசரத்தில், ஆறு கவரையும் எழுதி மகளின் பையில் வைத்தாள். "முடிஞ்சிட்டுன்னா அட்டையக் காட்டி அங்கனயே வாங்கிக்கோ மக்கா. விட்டுராத" என்று மட்டும் சொன்னாள்.

ஏஞ்சல் விடவில்லை. அம்மா சொன்னபடியே சாப்பிட்டாள். எட்டு வாரம் கழிந்தபோது டாக்டரிடம் போகிற பேச்சு வந்தது. காலாண்டுப் பரீட்சை லீவில் போகலாம் என்று இரண்டு பேருமே தள்ளிப் போட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் லீவுக்கு வந்த மகளைப் பார்த்ததும் பூரணத்துக்குத் திக்கென்றது. முகம் வற்றிப் போயிருந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், கால் மணிக்கு ஒருதரம் பாத்ரூமுக்குப் போனாள். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலையில் குடித்த காபியை அப்படியே வாந்தி எடுத்தாள்.

மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷம் நின்ற மூளை ஒரே ஒரு கணக்கைப் போட்டது. பூரணம் அன்றைக்குக் கடைக்குப் போய், அண்ணாச்சி காணாமல் கர்ப்பம் பார்க்கிற பட்டை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு, தலைவலி என்று சொல்லித் திரும்பி வந்தாள்.

ஏஞ்சல் பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அப்பா கடைக்குப் போயாச்சு. எனக்கு மட்டும் சொல்லு. நீ தலைக்குக் குளிச்சு எத்தன மாசம் ஆகுது?"

"நாலு மாசம். எனக்கு எப்பவும் அப்படித்தான? ஒனக்குத் தெரியாதா?"

"வாந்தியும் எப்பவும் வருதா?"

ஏஞ்சலுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா நீட்டிய பட்டையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, போய்க் கட்டிலில் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டாள்.

ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. பூரணம் "ஆண்டவரே" என்று நெஞ்சைத் தொட்டாள். தொட்ட கையோடு குப்பையிலிருந்து உறையை எடுத்து, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்றும் பார்த்தாள்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது ஏஞ்சல் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "பெல் அடிச்சிட்டு... செவன்த் பி பேப்பர் கட்ட எங்கன வச்சேன்?"

"ஏட்டி ஏஞ்சல், நம்ம வீட்லல்லா இருக்க!"

மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டதற்கான அறிகுறியே இல்லை. கஞ்சிக் கிண்ணம் கை நழுவித் தரையில் விழுந்தது. பூரணம் தெருவுக்கு ஓடினாள்.

அரைமணி நேரத்தில் ஜெயசிங் கார் பிடித்துவிட்டார். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டர் ஏஞ்சலின் கட்டிலுக்கே வந்தார்.

"கால்சியம் பத்தரைக்குள்ள இருக்கணும். இவங்களுக்குப் பதினாலு புள்ளி ஆறு. கிட்னியும் கொஞ்சம் திணறுது. என்ன மாத்திரையெல்லாம் சாப்பிடுறாங்க?"

பூரணம் ஆறையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வைட்டமின் டி எப்படி?"

"வாரத்துக்கு ஒண்ணு சார். அறுபதாயிரம்."

சலைன் ஏறிக்கொண்டிருந்த ஏஞ்சலுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. முனகலாகச் சொன்னாள். "இல்ல... தினமும்."

பூரணம் பதறிப்போனாள். "தினமுமா? எவட்டி சொன்னா? போன்ல எதையாவது பாத்துத் தின்னியா?"

"நீதானம்மா எழுதியிருந்த."

டாக்டர் நிமிர்ந்து பூரணத்தைப் பார்த்தார். "மூணு மாசத்துக்கு மேல தினமும் அறுபதாயிரம்னா, உடம்பு தாங்காதும்மா. மருந்து நல்ல மருந்துதான். அளவு இது இல்ல. டி வைட்டமின் கொழுப்புல தங்கிரும், சட்டுனு வெளியேறாது. எறங்க வாரக்கணக்காகும், மாசம்கூட ஆகலாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா..."

தான் அப்படி எழுதியிருக்கவே முடியாது என்று ஜெயசிங்கிடம் சத்தியம் பண்ணினாள் பூரணம். அவர் சங்கரன்கோவிலுக்கு வந்து, மகளின் பையை அப்படியே தூக்கிக்கொண்டு மறுநாள் காலையில் வார்டுக்குத் திரும்பினார். பையின் உள்ளறையில் ஆறு கவர்கள் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. அம்மாவின் கையெழுத்தை ஏஞ்சல் கசங்காமல் வைத்திருந்தாள். ஐந்தைப் புரட்டிவிட்டு ஆறாவதை எடுத்தாள் பூரணம். வைட்டமின் டி. 1-0-0. நீலப் பேனா. ஒன்றுக்கு மேலே அவள் எப்போதும் போடுகிற சின்னக் கொக்கி.

அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டவள் மாதிரி அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயசிங் இரண்டு தரம் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

ஐந்து நாளில் கால்சியம் பன்னிரண்டுக்கு இறங்கியது. வீட்டுக்கு விட்டார்கள். ஏஞ்சல் இரண்டு மாதம் லீவு போட்டாள். பால், தயிர் குறைத்து, தண்ணீர் கூட்டி, பத்து நாளுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அம்மாவிடம் மட்டும் கேட்டதற்குப் பதில் என்ற அளவில்தான் பேசினாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பூரணத்துக்கு வேறொரு பயம் பிடித்தது. பெற்ற மகளுக்கே இப்படி எழுதிய கை, ஊராருக்கு என்ன எழுதியதோ? வாரத்துக்கு ஒன்று என்கிற இந்த மாத்திரையை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாள்? அப்போதே எழுந்து கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரில் ஆறு மாத பில்லை எடுத்துத் தரச் சொன்னாள்.

சுந்தரராஜ் அண்ணாச்சி விவரத்தை முழுவதும் கேட்டார். "ஊருக்குள்ள தெரிஞ்சா எவன் வே நம்ம கடைக்கு வருவான்?" என்றார், யாரையோ கேட்பதுபோல. பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். "பதினோரு பேர் இருக்காவ. வா, ஏறு."

இரண்டு நாள் அலைந்தார்கள். சிவகிரியில் மூன்று வீடு. பனவடலிசத்திரத்தில் வள்ளித்தாய், கடலைக் காட்டிலிருந்து மண்கையோடு வந்து கவரைத் தேடிக் கொடுத்தாள். வாரம் ஒன்று என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தது. எல்லா வீட்டிலும் அப்படியேதான்.

கடைசியாகக் கடையநல்லூரில் ஆயிஷம்மாள் வீடு. முழங்கால் வலிக்காரி. கவரையே தூரப் போட்டுவிட்டாள். பூரணம் பதற்றத்தோடு கேட்டாள். "தினமுமா சாப்புடுதிய?"

"இதென்ன கேள்வி? நீதான சொன்ன, ஜும்மா அன்னைக்குப் போட்டா நாள் மறக்காதுன்னு. வெள்ளிக்கிழமை தவறாமப் போடுதேன்."

பூரணம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு எது மறக்காத நாள் என்றுகூட யோசித்துச் சொல்லியிருக்கிறாள். பதினோரு வீட்டில் ஒரு பிழை இல்லை. தன் வீட்டில் மட்டும்தான். மகள்தானே, தெரியும்தானே என்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று, கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. ஆயிஷம்மாள் பதறிப்போய் "என்னம்மா, என்ன?" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரம் கால்சியம் சரியாகிவிட்டது. கிட்னிக்கும் பழுதில்லை என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கிளம்புகிற அன்று ஏஞ்சல் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பூரணம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மன்னிச்சிரு மக்கா. அந்தக் கவர நெனச்சா எனக்கு இப்பவும் ஈரக்கொல பதறுது."

"கவர விடும்மா," என்றாள் ஏஞ்சல். "ஒரு நாளைக்கு நூறு கவர் எழுதுத. கை தப்பிட்டு. நானும் படிச்சவதான? அட்டையில என்ன போட்டிருக்குன்னு ஒருநாள் பாத்திருக்கலாம். பாக்கல. அத நான் அன்னைக்கே விட்டுட்டேன்."

பூரணம் மகளின் கையைப் பிடித்தாள். ஏஞ்சல் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் குரல் மாறியது.

"பாத்ரூம் வாசல்ல நின்னு கேட்டியே, அதுதாம்மா. எல்லாரும் என் தாடையப் பாப்பாவ, இடுப்பப் பாப்பாவ, இவளுக்கு எங்க மாப்பிள்ளன்னு பேசுவாவ. எனக்குப் பழகிட்டு. ஏழு வருஷமா எனக்கு மாசாமாசம் என்ன ஆகுதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். எனக்கு ஒடம்புக்கு என்னன்னு நீ கேக்கல. பட்டையத்தான நீட்டுன?"

கவருக்காகத்தான் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் பூரணம். வெளியே ஜெயசிங் ஆட்டோ வந்துவிட்டதாகச் சத்தம் கொடுத்தார்.

ஏஞ்சல் இப்போது கோயம்புத்தூரிலேயே ஒரு டாக்டரைப் பார்க்கிறாள். இரண்டே மாத்திரை, சாயங்காலம் ஒரு மணி நேரம் நடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. உடம்பு பரவாயில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அம்மாவைக் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்துக் கதை பேசுவாள், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுவாள், சில நேரம் சிரிக்கவும் செய்வாள். உடம்பைப் பற்றி அவளாக ஒன்றும் சொல்வதில்லை. பூரணத்துக்கு நாக்கு நுனிவரை வரும். கேட்பதற்குத் தனக்கு இனி உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்கிறாள்.