சரிவை நிரவிய புத்திசாலிகள்

கொட்டச்சேட்டில் எங்கள் கால்பந்து மைதானம் ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். எப்படி உதைத்தாலும் பந்து கீழே காப்பிச் செடிகளைப் பார்த்துத்தான் உருளும். எங்களிடம் பூட்ஸ் இல்லை. ஆனால் பந்து எங்கே போய் நிற்கும் என்று எங்கள் கால்களுக்குத் தெரியும். பக்கத்துப் பெரிய எஸ்டேட் டீம் புது ஜெர்சியோடு ஜீப்பில் வந்து இறங்கும். பந்தைத் துரத்தியே களைத்து, ஒவ்வொரு வருஷமும் தோற்றுத் திரும்பும்.

அது போதாதா? போதவில்லை. அவர்களுக்குச் சமமாக வேண்டுமென்றால் அவர்களுடையதைப் போலச் சமதளமான மைதானம் வேண்டும் என்று கூட்டத்தில் முழங்கியவன், கிளப் செயலாளரான நான்தான். ஆளாளுக்கு மிளகு விற்றுப் பணம் போட்டோம். அது பத்தாமல், அந்த எஸ்டேட் மேனேஜரிடமே போய் நின்றேன்.

"அதுக்கென்னங்க, எங்க புல்டோசரையே அனுப்பறேனுங்க. டீசலும் எங்களுதுதான்," என்றார்.

என்ன பெருந்தன்மை என்று உருகிப்போனோம்.

மைதானம் பலகை போல ஆனது. திறப்பு விழாவில் மேனேஜருக்கு என் கையாலேயே ரோஜா மாலை போட்டேன். பிறகு அவர்கள் டீமோடு ஆட்டம் தொடங்கியது. எங்கள் பக்கம் ஆறாவது கோல் விழும்வரை அவர் அந்த மாலையைக் கழற்றவே இல்லை.