கொப்புளம் கண்ட படகுகள்

சாமைக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோன வருஷம் அது, எழுபத்தெட்டு. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் பாதி வீட்டு ஆண்கள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் காப்பித் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். சக்கரவர்த்தி போனது எண்ணூருக்கு. அங்கே உல்லாசப் படகு செய்து வெளிநாட்டுக்கு விற்கும் கொட்டகை ஒன்று இருந்தது.

கூட்டிப்போனவர் பஞ்சாட்சரம். கணியம்பாடிக்காரர், அந்தக் கொட்டகையில் மேஸ்திரி. புளி வாங்க மலைக்கு வந்த மச்சானோடு துணைக்கு வந்தவர், சும்மா உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தியைப் பார்த்துக் கேட்டார், வர்றியாப்பா என்று.

"படகு வேலையா? எனக்கு நீச்சலே தெரியாதுங்களே."

"செய்றவனுக்கு எதுக்குப்பா நீச்சல்? அது தண்ணியில எறங்குறதையே நாம பாக்கப்போறதில்ல. கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்க."

அது உண்மைதான். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயைப் பரப்பி, பிசின் ஊற்றி, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்து கெட்டியானதும் வெளியே எடுத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சக்கரவர்த்திக்குத் தேய்க்கிற வேலை. பறக்கும் தூள் கண்ணுக்கே தெரியாது, தோலில் மட்டும் தெரியும். குளித்தால் அரிப்பு கூடும், குளிக்காவிட்டாலும் போகாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் பாயில் படுத்தாலே பாயும் அரித்தது. மனைவி மாதம்மாள் அந்தப் பாயைத் தனியாகச் சுருட்டி வைத்தாள். முடிந்த படகுகளைப் பழைய கம்பளியால் சுற்றி, மரச்சட்டத்தில் வைத்து, லாரியில் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். யாரோ ஒரு செல்வந்தர் குடும்பத்தோடு விடுமுறை நாளில் கடலில் சுற்ற வாங்குகிறார் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

எண்பதில் பஹ்ரைன் வியாபாரி ஒருவர் ஆறு படகு கேட்டார். கப்பல் தேதி நெருங்கிவிட்டது. ஐப்பசி மழையில் கொட்டகை முழுக்க ஈரம். காயவிட நேரமில்லாமல் அடுக்குமேல் அடுக்கு போட்டு அனுப்பினார்கள். மறு வருஷம் தந்தி வந்தது. ஆறு படகுக்கும் அடிப்பக்கம் கொப்புளம் கண்டுவிட்டதாம். சரிசெய்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பக் கொண்டுவருவதைவிட ஆளை அனுப்புவது மலிவு என்று முதலாளி முடிவு செய்தார். கண்காணிக்கப் பஞ்சாட்சரம். தேய்க்க ஓர் ஆள் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களில் மறுக்காமல் தலையாட்டியவர் சக்கரவர்த்தி ஒருவர்தான்.

சொல்லிக்கொள்ள ஊருக்குப் போனபோது மாதம்மாள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு மாமா?"

"படகுக்குக் கொப்புளம் வந்துட்டுதாம். தேய்க்கணும்."

"படகுக்குக்கூட வருமா?"

"நமக்கு வர்றப்ப அதுக்கு வரக்கூடாதா?"

மாதம்மாள் கொட்டையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "நடவு, அறுப்பு எல்லாம் நான் ஒருத்தியே பாக்கணும், அப்டித்தானே?" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புளி உடைக்கத் தொடங்கினார்.

பஹ்ரைனில் அவர்களை அழைத்துப்போக வந்தவர் வியாபாரியின் மானேஜர் வர்கீஸ். "தமிழ்நாடா?" என்று அவர் கேட்டதும், சக்கரவர்த்தி மலைக்கு வரும் அதிகாரிகளுக்குச் சொல்கிற பழக்கத்தில், "மலையாளிங்க" என்றார். ஜவ்வாது மலைக் குடிகளுக்கு அதுதான் பேர். வர்கீஸ் முகம் மலர்ந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, கேரளத்துப் பேச்சில் மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினார். சக்கரவர்த்திக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. பஞ்சாட்சரம் விஷயத்தை எடுத்துச் சொன்னதும் வர்கீஸ் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. கார் வரை தானே சுமந்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டு மீன்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

படகுகள் தகரக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தன. கொப்புளத்தை உளியால் குத்தினால் புளித்த வாடையோடு தண்ணீர் ஒழுகும். குத்தி, கீறி, நல்ல தண்ணீரால் கழுவி, காயப்போட வேண்டும். வெயில் அனல் பறந்தாலும் கடல் காற்றில் அது காயவில்லை. காய்ந்தது என்று நினைத்த இடத்தில் மறுபடியும் கசிந்தது. தங்குவதும் அந்தக் கொட்டகையின் ஓரத்தில்தான். பஞ்சாட்சரத்துக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. மருத்துவர் ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

"நீயும் வந்துடுப்பா, போதும்" என்றார் பஞ்சாட்சரம்.

"பாதியில வுட்டுட்டு எப்டிங்க வர்றது? பாஸ்போர்ட்டு அவங்க கையில கீது."

அதன் பிறகு அவர் தனி ஆள். காலையில் உப்புத்தாளைக் கையில் எடுத்தால் விரல் மடங்கியபடியே இருக்கும். சாயங்காலம் சோற்றைப் பிசைய அந்த விரல்களை மறுகையால் பிரித்துவிட வேண்டியிருந்தது. ஊரை நினைத்து அழவில்லை. நினைப்பதற்கே தெம்பில்லை என்று பிற்பாடு சொன்னார்.

பனிக்காலம் வந்தபோது ஆறும் முடிந்தன. வியாபாரி வயதானவர். ஒரு படகைக் கடலில் இறக்கச் சொல்லி, சக்கரவர்த்தியைக் காட்டி ஏதோ சொன்னார். வர்கீஸ் மொழிபெயர்த்தார்.

"இந்த ஆளும் ஏறட்டுமாம். அடி ஒழுகினால் இவரும் சேர்ந்து முழுகட்டுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சக்கரவர்த்தி ஏறி, பின்பக்கத்து மெத்தை இருக்கையில் உட்கார்ந்தார். தான் தேய்த்த எந்தப் படகிலும் அதுவரை அவர் மெத்தையைப் பார்த்ததில்லை. அதெல்லாம் இங்கே வந்தபிறகு போடுவது. இயந்திரம் உறுமியது, படகு மெல்ல ஆடியது. துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

வர்கீஸ் தோளைப் பிடித்து உலுக்கும்போது படகு கரையில் கட்டியிருந்தது.

"கடலைப் பார்த்தீரா?"

சக்கரவர்த்தி திருதிருவென்று விழித்தார். வியாபாரி கோபப்படவில்லை. அவர் சொன்னதை வர்கீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "ஒழுகியிருந்தால் முழித்திருப்பான். படகு நன்றாக இருக்கிறது."

புதூர்நாடு வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை. அவர் ஊர் சேர்ந்தபோது மாதம்மாள் அண்டை வீட்டு மாட்டைத் தங்கள் மாட்டோடு பூட்டிக் கொல்லையை உழுதுகொண்டிருந்தாள். ஏரை நிறுத்தினாள். எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"நம்ம செவல மாடு செத்துப்போச்சு மாமா. வயிறு ஊதி. சொல்லி அனுப்பி இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படகுல போனியா?"

"போனேன்."

"எப்டி இருந்துது கடலு?"

"தூங்கிட்டேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தார். ஏர்ப்பிடி உரசி உரசி அந்தக் கையும் காய்த்திருந்தது.

மழைக்குப் பிறகு, இன்னொரு மாடு பிடிக்க வேண்டுமே என்று மறுபடியும் எண்ணூருக்குப் போனார். கொட்டகை பூட்டிக் கிடந்தது. வாசலில் இருந்த காவலாளி விவரம் சொன்னார். கொப்புளப் பேச்சு மற்ற வியாபாரிகள் வரைக்கும் போய்விட்டதாம். அவர்கள் எல்லோரும் இப்போது தைவானில் வாங்குகிறார்களாம். பாதி முடிந்த படகுகள் மணலில் மழைநீரைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. முதலில் தோளிலிருந்து சுமை இறங்கினாற்போல் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.

வழியில் கணியம்பாடியில் இறங்கிப் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். மனிதர் வேர்க்கடலைக் கொல்லையில் பாதிக் களை எடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இருவரும் மோர் குடித்தார்கள்.

"மறுபடியும் கூப்ட்டா போவியாப்பா?"

"கூப்டமாட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம் கேக்கறீங்களே."

பஞ்சாட்சரம் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. மீதிக் களையில் கொஞ்சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சக்கரவர்த்தி பஸ் ஏறினார்.

வீட்டில், பூட்டிட்டாங்க என்ற ஒரு வார்த்தைதான் சொன்னார். மாதம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. மேக்காட்டுக்கு ஆள் தேட வேணாம், வுடு."

மறுநாள் இருவரும் மேல்காட்டுச் சாமையில் களை எடுக்க இறங்கினார்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் அவர் நின்று மூச்சு வாங்கினார். அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் வந்து சேரும்வரைக்கும் அடுத்த வரிசையின் தலைப்பில் நின்றாள்.