தெரிந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்

பி.காம் முடித்த கையோடு நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தியும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் ஒரே நாளில் ரெஸ்யூமே அடித்தோம். சென்டர்காரரிடம் ஒரே ஒரு அச்சுதான். மேலே போட்டோ, அப்பா பெயர், மதம், ரத்த வகை, பொழுதுபோக்கு. அடியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று ஒரு உறுதிமொழி, கையெழுத்து. வேலைக்கு அனுப்புகிறார்களா, மாப்பிள்ளை தேடுகிறார்களா என்று வாங்கிப் பார்த்தவர்களுக்கே குழம்பியிருக்கும். அதையேதான் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் லாரி ஆபீசுக்கும் ஆன்லைனில் தட்டிவிட்டோம். எட்டு மாதம் ஒரு நாய் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லேப்டாப் இருந்தது செவிலிமேட்டில் என் வீட்டில். அவள் மாகறலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

“இன்னாமா, இன்னும் கம்ப்யூட்டர தட்டிக்கினே கீறீங்களா? இந்நேரம் ஜாக்கெட் தெக்க கத்துக்கினு இருந்தா ஊருக்கே தெச்சிருக்கலாம்.”

“மொத ஜாக்கெட் உங்களுக்குத்தான்கா. டேப்புதான் எட்டுமான்னு தெரியல,” என்பாள் அவள். வாய் அப்படி.

வித்தையைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு நாள் விளம்பரத்தைத் திரையின் இந்தப் பக்கமும் எங்கள் ரெஸ்யூமேயை அந்தப் பக்கமும் திறந்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள்.

“இவங்க கேக்கறது ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லடி. கஸ்டமர் கோவமா பேசுனா இன்னா பண்ணுவன்னு அவங்க கேக்கறாங்க. நாம ஓ பாசிட்டிவ்னு பதில் சொல்லிக்கினு இருக்கோம்.”

அன்றைக்கே போட்டோ போனது, ரத்தம் போனது, உறுதிமொழி போனது. விளம்பரத்தில் எந்த வார்த்தை இருக்கிறதோ, அதற்கு நாங்கள் நிஜமாகவே செய்த ஒன்றைத் தேடிப்பிடித்து, அவர்கள் வார்த்தையிலேயே முதல் நாலு வரிக்குள் வைத்தாள். காலேஜில் பரீட்சை ஃபீஸ் கவுன்டரில் மூன்று நாள் உட்கார்ந்து எல்லாரிடமும் திட்டு வாங்கியது கூட உருப்படியாக உள்ளே வந்தது. ஒரே பக்கம். விளம்பரத்துக்கு ஒரு ரெஸ்யூமே, அதுவும் விளம்பரம் வந்த அன்று காலையிலேயே. ‘நியூ ஃபைனல் டூ’ என்றிருந்த ஃபைலுக்கு எங்கள் பெயரை வைத்தாள். இரண்டே வாரத்தில் அவளுக்கு ஒரு போன், எனக்கு இரண்டு.

அப்போதுதான் தாம்பரம் பக்கம் ஒரு கஸ்டமர் சப்போர்ட் ஆபீசின் விளம்பரம் வந்தது. இரண்டு வருட அனுபவம் வேண்டும். நான் தீபாவளி சீசனில் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் மூன்று வாரம் இருந்தவள். கஸ்டமர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்குவது என் வேலை. அதை இரண்டு வருடம் என்று அடிக்கச் சொன்னேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“மூணு வாரம் பொடவ மடிச்சத ரெண்டு வருஷம்னு நான் அடிக்க மாட்டேன். நீயே அடிச்சுக்க.”

நானே அடித்தேன். அனுபவம் இல்லை என்று அவள் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டதெல்லாம் பட்டுக் கடையைப் பற்றித்தான். “ஜரிகை போலின்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?”

“மொதல்ல உக்கார வெச்சு ஒரு கலர் சோடா குடுப்போம் சார். சண்ட போட வந்தவங்க உக்காந்துட்டாலே பாதி முடிஞ்சுது. அப்புறம்தான் பொடவய கைல வாங்குவோம்.”

அந்தக் கடையின் சீனியர் அண்ணன் செய்வதை மூலையில் புடவை மடித்துக்கொண்டே நான் பார்த்தது. மேனேஜர் சிரித்தார். வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் டீம் லீடர் ஆனேன், அந்த ‘இரண்டு வருட’ அனுபவத்தைச் சொல்லித்தான் ஆக்கினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ட்ரெய்னிங் நான்தான். நடக்காத பட்டுக் கடைக் கதைகளை நாளுக்கு ஒன்றாகச் சொல்வேன்.

அவளுக்கு இன்டர்வியூக்கள் வந்தன, எதுவும் வேலையில் முடியவில்லை. வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஆபீஸ் வேலை கிடைக்காவிட்டால் ஷூ கம்பெனி. காலை ஐந்தரைக்கு ஊருக்குள் வேன் வரும், ஏறிப் போனால் நாள் முழுக்க லைனில் நின்று வேலை.

அந்த மாதம் பார்த்து எங்கள் ஆபீசில் அனுபவம் இல்லாதவர்களையும் எடுத்தார்கள். அவள் விண்ணப்பித்துவிட்டு மெசேஜ் போட்டாள்: ‘அங்க தெரிஞ்சவங்க யார்னு ஒரு கட்டம் இருந்துது. உன் பேர போட்டுட்டேன்டி.’ தெரிந்தவர் இருந்தால் அந்த ரெஸ்யூமேயைத்தான் முதலில் திறப்பார்கள் என்று அவளிடம் ஒரு நாள் பெருமையடித்தது நான்தான்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்தப் பொண்ணு உங்க பேர போட்டிருக்கு. இந்த மாசம் வந்ததுலயே இதான் க்ளீன் ரெஸ்யூமே. ஆள் எப்படி? கூப்பிடட்டுமா?”

திரையில் அவள் ரெஸ்யூமே. ஒரு பக்கம், எல்லா வரியும் உண்மை. கேன்டீனில் நான் பட்டுக் கடைக் கதை சொல்லும்போது அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ‘இன்னாது, ரெண்டு வருஷமா?’ என்று அந்த வாய் ஒரு தடவை சிரித்தால் போதும். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டால் சாகிற வரைக்கும் சொல்லமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் தினமும் என் எதிரில் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாளே.

“ஒரே காலேஜ்தான் சார். அவ்ளோ பழக்கம் இல்ல,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எதுலயும் ரெண்டு மாசம் நிக்காதுன்னு சொல்லுவாங்க.”

“நல்ல வேள, கேட்டேன்.” அவர் திரையில் அவள் ரெஸ்யூமேயை மூடினார். நான் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை.

நிராகரிப்பு மெயில் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

“உன் பேரு போட்டும் கூப்புடலயே. எங்கடி தப்பு?”

“பேரெல்லாம் யாரும் பாக்கறதில்ல. உன் ரெஸ்யூமேல வெயிட்டே இல்லடி. ஞாயித்துக்கெழம வா, நான் பாத்துத் தரேன்.”

வந்தாள். என் லேப்டாப், பழைய இடம், கீபோர்டில் இந்தத் தடவை என் கை. ஃபீஸ் கவுன்டர் வரியை எடுத்தேன். கேட்டதற்குப் பதிலாக அவள் வைத்திருந்த நாலு வரியையும் எடுத்தேன். கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு என்று எல்லாரும் போடுகிற குப்பையை அள்ளிப் போட்டு இரண்டு பக்கமாக இழுத்தேன். எங்கே போனாலும் இதையே அனுப்பு, ஒவ்வொன்றுக்கும் மாற்றிக்கொண்டிருக்காதே என்றேன். அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. டீம் லீடர் சொல்கிறாள் என்று அதுவாகவே போய்விட்டது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “நான் பாட்டுக்கு உன் பேர போட்டுட்டேன். உனக்கு ஆபீஸ்ல எதுனா கெட்ட பேரா?”

“அத நான் சமாளிச்சுட்டேன், உடு.”

“சாரிடி.”

ஒன்றாம் தேதி வேனில் ஏறினாள். பிரேக்கில் போனிலேயே நான் திருத்திய ரெஸ்யூமேயை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நாலு மாதம் ஆகிறது, ஒரு போன் இல்லை. நேற்று மெசேஜ் வந்தது, இன்னும் ஒரு வாட்டி பார்த்துத் தர முடியுமா என்று.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.