குறுக்குவழியில் ஐந்தாவது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இதைச் சொல்லி முடித்த பிறகும் கிடையாது. இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கிற டொக்டர் நான். காத்து கருப்பு என்று வீட்டிலேயே வைத்திருந்து, கைகால் வீங்கி வலிப்பு வந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பேய் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு தோட்டத்தில் மாதாந்த கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும், ராஜ்குமார் என்பவர் நனைந்துபோய் ஓடி வந்தார். அவர் மனைவி நிரோஷாவுக்கு எட்டு மாதம், திடீரென்று இரத்தம் போகிறதாம். நானும் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது சாந்தியும் அவர்களுடைய லயத்து வீட்டுக்கு ஓடினோம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அம்புலன்ஸுக்குப் பேசினால், மண் சரிந்து தோட்டத்துப் பாதை மூடிவிட்டது, பெரிய ரோட்டில்தான் நிற்க முடியும் என்கிறார்கள்.

பெரிய ரோட்டுக்குக் குறுக்குவழி ஒன்றுதான், கைவிட்டுக் காடாகிப்போன பழைய தேயிலை மலை வழியாக. அதில் தூக்கிப் போகலாம் என்றதும் நிரோஷாவின் மாமியார் வாசலை மறித்தார்.

"அந்தப் பக்கம் வேணாங்க டொக்டர். புள்ளத்தாச்சி ஒருத்தி அந்த வழியிலதான் செத்தா. அதுக்கப்பறம் வயித்துப் புள்ளக்காரிய யாரும் அதுல கூட்டிட்டுப் போறதில்லைங்க."

"எதனால செத்தாங்க?"

"ரத்தம் நிக்கலங்க."

"அப்ப ரத்தம் போயித்தான் செத்திருக்காங்க, வழியால இல்ல. இங்கயே வச்சிருந்தா உங்க மருமகளுக்கும் அதான் நடக்கும். ஒதுங்குங்கம்மா."

அழுதுகொண்டே ஒதுங்கினார். கம்பளியை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் நிரோஷாவைப் படுக்கவைத்து, ராஜ்குமாரும் லயத்து ஆட்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். சாந்தி வழி பார்த்து முன்னால் போக, நான் சேலைன் பையை உயர்த்திப் பிடித்தபடி வலப்பக்கம் நடந்தேன். பனிமூட்டம் என்றால் அப்படி ஒரு பனிமூட்டம், தேயிலைச் செடியெல்லாம் மரமாக வளர்ந்து தலைக்கு மேலே நிற்கிறது.

பாதி வழியில் சறுக்கலான இறக்கம். இடப்பக்கம் பின்னால் தூக்கிவந்தவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார். மூங்கில் கையை விட்டுப் போய்விட்டது, நிரோஷா கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஒரு பெண்ணின் கை அந்த மூங்கிலைப் பிடித்திருந்தது. கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் கறை ஏறிய கை, முழங்கை வரை ஈரம். மாமியார் மனசு கேட்காமல் பின்னால் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், என் கண் சேலைனில் இருந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ரோடு வரும்வரை கம்பளி ஒரு பக்கமும் சாயவில்லை.

அம்புலன்ஸில் ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன், மாமியாரைக் காணவில்லை.

"அம்மா வரலைங்களே, மூத்த புள்ளயப் பாத்துக்கிட்டு லயத்துலதான் இருக்காங்க" என்றார் ராஜ்குமார்.

விழுந்தவரைக் கேட்டேன். "சாந்தி மிஸ் புடிச்சிக்கிட்டாங்கன்னு நெனச்சி நான் பின்னாலயே வந்தேங்க" என்றார். சாந்தி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் வார்டுக்குப் போனபோது, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிரோஷா சொன்னாள்.

"கூட வந்த அக்காவப் பாத்தா சொல்லிருங்க டொக்டர், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சின்னு. வழியெல்லாம் ஒண்ணையே கேட்டுக்கிட்டு வந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"டொக்டர் வந்துட்டாங்களா, டொக்டர் வந்துட்டாங்களான்னு. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. வந்துட்டாங்கக்கான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்களுக்குக் கேக்கவே இல்ல."

இரத்தம் குறைந்தால் இல்லாத குரலெல்லாம் காதில் விழும். நான் அதைத்தான் நம்புகிறேன். தோட்டத்து ஆட்களோடு சண்டை போட்டு அந்த மலைப் பாதையை வெட்டித் துப்புரவாக்க வைத்தேன், இப்போது கர்ப்பிணிகள் அதில்தான் கிளினிக்குக்கு வருகிறார்கள், எவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் அதில்தான் போகிறேன். அந்த இறக்கத்துக்கு வந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்கிறேன். மெதுவாகச் சொன்னால் கேட்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.